உட்காருங்க என்று சொல்லாதீர்கள்

திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் என் அத்தை இருக்கிறார். அப்பாவுக்கு மூத்தவர்; வயது எழுபதை நெருங்குகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழியில் மூச்சுத் திணறல் முற்றிப்போய், ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்த அன்றே மருமகள் நடையில், காற்று வரும் இடமாகப் பார்த்து, நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டாள். “நீங்க உக்காருங்க அத்த, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்.”

அதன் பிறகு அந்த வீட்டில் அத்தை எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் “உக்காருங்க” என்றார்கள். மகன் சொன்னான், பேரன் சொன்னான், பால் ஊற்ற வந்தவர் சொன்னார். ஊருக்குப் போகும்போதெல்லாம் நானும் சொன்னேன். தண்ணீர்ச் சொம்பு கைக்கு வந்தது. தட்டு மடிக்கு வந்தது. இதைவிடப் பிரியமாக ஒரு மாமியாரைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று ஊரே பேசியது. பத்தே மாதத்தில், கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போய்வருவது அத்தைக்கு ஒரு யாத்திரை ஆகிவிட்டது. வழியில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வியாதி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டோம். உண்மையில் அவருடைய நுரையீரல் ஏறக்குறைய முன்பு இருந்தபடியேதான் இருந்தது. தொடைச் சதைதான் கரைந்து போயிருந்தது.

அத்தைக்கு வந்திருப்பது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். மருத்துவமனைச் சீட்டில் சிஓபிடி என்று எழுதுவார்கள். ஊரில் இழுப்பு என்றோ இளைப்பு என்றோ சொல்லி முடித்துவிடுவோம். இந்தியாவில் 1990-ல் 2.81 கோடிப் பேருக்கு இருந்த இந்த நோய், 2016-ல் 5.53 கோடிப் பேருக்கு இருந்ததாக ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்விதழ் 2018-ல் கணக்குக் கொடுத்தது. பீடி, சிகரெட் பிடிக்கும் ஆண்களின் நோய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அத்தை பீடியைக் கையால் தொட்டதில்லை. நாற்பது ஆண்டுகள் விறகடுப்பை ஊதியிருக்கிறார், அவ்வளவுதான். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், முப்பது வயதைக் கடந்த, புகைப்பழக்கம் இல்லாத 900 பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2011-ல் வெளிவந்தது. அவர்களில் 2.44 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் இருந்தவர்களிடம் அது 3 சதவீதம். அத்தை வீட்டில் இப்போது கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனாலும் வெந்நீருக்கும், ஆள் கூடுகிற நாளில் சோற்றுக்கும் விறகுதான். இந்த மாநிலத்தின் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்.

இந்த நோயில் மூச்சு எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும். காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தத்தில் ஏறுகிறவர்கள் முண்டியடிக்கிறார்கள். இறங்க வேண்டியவர்களுக்கோ வழியில்லை. “இறங்கறவங்களுக்கு வழி விடுங்க” என்று கண்டக்டர் கத்துகிறார். நோயாளியின் நுரையீரல் அந்த பஸ். அவருக்குக் காற்று உள்ளே போவதில் இருக்கும் சிரமத்தைவிட வெளியே வருவதில்தான் சிரமம் அதிகம். சுருங்கிப்போன சிறு குழாய்கள், மூச்சை விடும்போது இன்னும் ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று முழுக்க வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சு வந்து ஏறுகிறது. வேகமாக நடந்தால் மூச்சும் வேகமாகிறது. வேகம் கூடக் கூட உள்ளே தங்கும் காற்றும் கூடுகிறது. நெஞ்சு பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. இதற்குமேல் உப்ப இடமில்லாதபோது வருவதுதான் அந்தத் திணறல்.

ஒருமுறை அதை அனுபவித்தவர் மறுமுறை வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பது இயல்பு. மாடிக்குப் போவதை விடுகிறார். பிறகு கடைத்தெரு, அதன்பிறகு வாசல். கால்களுக்கு வேலை குறைகிறது. வேலையில்லாத சதைக்கு ஒரு குணம் உண்டு. அது சும்மா இருப்பதில்லை, மெலிந்துகொண்டே போகும். மெலிந்த சதை ஆக்சிஜனைச் சிக்கனமாகப் பயன்படுத்தத் தெரியாமல் சீக்கிரமே அமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் உண்டாக்கும் கரியமில வாயுவை வெளியேற்ற இன்னும் வேகமாக மூச்சு விட வேண்டியிருக்கிறது. ஆக, நேற்று பத்து அடிக்கு வந்த திணறல் இன்று ஐந்து அடிக்கே வந்துவிடுகிறது. இவர்களில் கணிசமானவர்கள் நடையை நிறுத்துவதற்குக் காரணம் மூச்சே அல்ல, கால் ஓய்ந்துபோவதுதான் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

சக்கரம் இப்படிச் சுற்றுமானால் எதிர்ப்பக்கமாகவும் சுற்றும். காலைப் பலப்படுத்தினால் அதே தூரத்தை நடக்கக் குறைந்த மூச்சு போதும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று மருத்துவ உலகம் சொல்வதன் சாரம் இதுதான். 1952-லேயே ஆல்வன் பாரக் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய நோயாளிகளைப் படுக்க வைக்காமல் நடக்கவிடச் சொன்னார். அன்றைய மருத்துவம் அதைக் காதில் வாங்கவில்லை. 1960-களில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி அதை ஒரு முறையான திட்டமாக்கினார். 2015-ல் காக்ரன் அமைப்பு, 65 ஆய்வுகளில் பங்கேற்ற 3,822 நோயாளிகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. திணறல் குறைகிறது, களைப்பு குறைகிறது, நடக்கும் தூரம் கூடுகிறது. இது இனியும் நிரூபிக்கப்பட வேண்டிய விஷயமே அல்ல என்று முடித்துவிட்டது. மருத்துவ ஆராய்ச்சியில், போதும், கடையைக் கட்டுங்கள் என்று சொல்லும் தருணங்கள் அபூர்வம்.

அதே நேரம் ஒன்றை மறைக்கக் கூடாது. எவ்வளவு பயிற்சி செய்தாலும் நுரையீரல் திரும்ப வளராது. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமீட்டர் சோதனையில் எண் அப்படியேதான் இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கும், அதை மட்டும் கேட்டுக்கொண்டு வரும் குடும்பத்துக்கும், எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். அத்தைக்குத் தானே குளிக்க முடிகிறதா என்பதற்கு அந்தச் சீட்டில் கட்டம் இல்லை.

இவ்வளவு உறுதியான ஒரு சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? பணக்கார நாடான அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். இந்த நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்து 2014-ல் வீடு திரும்பிய 1,97,376 முதியவர்களின் கணக்கை 2020-ல் ‘ஜாமா’ இதழ் வெளியிட்டது. மூன்று மாதத்துக்குள் பயிற்சியில் சேர்ந்தவர்கள் 1.5 சதவீதம்தான். அப்படிச் சேர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், சேராதவர்களில் 19.6 சதவீதம். ஓரளவு தெம்பாக இருந்தவர்கள்தான் பயிற்சிக்கே போயிருப்பார்கள் என்பதால் இந்த வித்தியாசம் முழுவதையும் பயிற்சியின் கணக்கில் எழுத முடியாது. தெம்பு வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் கணிசமான பகுதி மிஞ்சியது என்கிறது ஆய்வு.

நம் ஊரில் இது பெருநகரத்துப் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கிறது. வாரத்தில் மூன்று நாள், எட்டு வாரம் போய்வர வேண்டும். 2021 முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால், அத்தைக்கு டிக்கெட் காசு ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. பஸ்ஸின் முதல் படி அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. கூடப் போகிறவருக்கு ஒரு நாள் கூலி போகும். மூச்சு வாங்குகிறவரை மூச்சுப் பயிற்சிக்காக இரண்டு பஸ் மாறி வரச் சொல்வதில் இருக்கும் முரணை யாரும் கவனிப்பதில்லை.

அப்படியானால் வீட்டிலேயே செய்யலாமா? மேற்பார்வை இல்லாமல் ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கேள்விக்குச் சென்னை ஒருமுறை உலகத்துக்கே பதில் சொல்லியிருக்கிறது.

குரோம்பேட்டையைத் தாண்டினால் மின்சார ரயில் நிற்கும் நிலையத்துக்குத் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று பெயர். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே தொடங்கிய காசநோய் ஆரோக்கிய நிலையத்தின் பெயர்தான் ரயிலடிக்கு வந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் படுக்கை ஓய்வு. நுரையீரல் நோய்க்கு இதுதான் வழி என்று உலகம் நம்பிய காலம். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் அமைக்கப்பட்ட காசநோய் மருந்து ஆய்வு மையம் அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் கைகோத்த பணி. தலைமை வாலஸ் ஃபாக்ஸ். 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெருக்கமான குடிசைகளில், தங்கள் வீட்டிலேயே. இரு பாதிக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகமாக நடமாடினார்கள். ஓராண்டு கழித்து இரு பிரிவுக்கும் முடிவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. 1959-ல் அந்த அறிக்கை வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின.

ஒப்புமையை அளவோடுதான் இழுக்க வேண்டும். காசநோயை மருந்து கொன்றது. சிஓபிடிக்கு அப்படியொரு மருந்து இல்லை. ஆனால், நுரையீரல் நோயாளிக்கு ஓய்வுதான் மருந்து, வீடு சிகிச்சைக்கு லாயக்கில்லாத இடம் என்ற இரண்டு நம்பிக்கைகளையும் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உடைத்த ஊர் சென்னை. ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில் மிச்சமிருக்கும் அந்தச் சானடோரியத்தை நாம் நம் வீட்டு நடைகளில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மறுபடியும் திறந்திருக்கிறோம்.

சிஓபிடிக்கும் அதேபோன்ற சோதனை பின்னாளில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் ஆன் ஹாலந்து குழு 2017-ல் ‘தோராக்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில் 166 நோயாளிகள். ஒரு பிரிவினர் எட்டு வாரம் மருத்துவமனைக்கு வந்து பயின்றார்கள். மறு பிரிவினரின் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் ஒரே ஒரு முறை போனார். பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு வீதம் ஏழு அழைப்புகள். அவ்வளவுதான். எட்டு வார முடிவில் வீட்டுப் பிரிவு மருத்துவமனைப் பிரிவுக்குச் சளைக்கவில்லை. இதற்கும் முன்பே, 2008-ல், கனடாவில் 252 பேரை வைத்து வீட்டிலேயே சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்ததிலும் இதே கதைதான்.

அத்தையின் கதையில் வந்த திருப்பம் தற்செயலானது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பக்கவாதம். அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க இயன்முறை மருத்துவரான ஒரு இளம்பெண் வாரம் ஒருமுறை ஸ்கூட்டியில் வருவார். நீல நாற்காலியில் இருந்தபடியே அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்தப் பெண் தண்ணீர் கேட்டு வந்தார். அத்தை எழுந்து எடுத்துக் கொடுக்கப் போய், பாதி வழியில் நின்றுவிட்டார். அந்தப் பெண் தண்ணீரை மறந்துவிட்டு, “எத்தன நாளா இப்படி?” என்று கேட்டார்.

மறுவாரம் நான் ஊரில் இருந்தேன். அத்தையின் சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்து, மருத்துவரிடம் போனில் பேசிவிட்டு, அந்தப் பெண் தொடங்கியது உடற்பயிற்சியோடு அல்ல, ஊதுவதோடு. உதட்டைக் குவித்து, உள்ளே இழுத்த நேரத்தைப் போல இரண்டு பங்கு நேரம் எடுத்து, மெல்ல வெளியே விட வேண்டும். குவிந்த உதடு ஒரு சின்னத் தடை. அந்தத் தடையால் உள்ளே அழுத்தம் நின்று, ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் குழாய்கள் திறந்திருக்கும். கண்டக்டர் ஆட்களை இறக்கிவிடுகிறார். இதையெல்லாம் அந்தப் பெண் விளக்கவில்லை. “மெழுகுவத்திய அணைக்காம ஆட்டுற மாதிரி ஊதுங்கம்மா” என்றார். அத்தைக்குப் பிடிபடவில்லை. மெழுகுவத்தியை யார் வீட்டில் ஊதினார்கள்? அந்தப் பெண் சுற்றும் முற்றும் பார்த்தார். அடுப்படிச் சுவரில் சாத்தியிருந்த இரும்பு ஊதாங்குழல் கண்ணில் பட்டது. “அடுப்பு ஊதுவீங்கல்ல? அப்படி. ஆனா தீ பத்தக் கூடாது. கங்கு மட்டும் செவக்கணும்.”

அத்தையின் உதடு தானாகக் குவிந்தது. நாற்பது வருஷப் பழக்கம். மெல்லிய, நீளமான, சீரான ஊதல் வந்தது. நெஞ்சைக் கெடுத்த அதே வித்தை. அத்தை ஊதிவிட்டுச் சிரித்தார்: “இதுக்குத்தான் கண்ணு இத்தன வருஷம் பழகினேனா?”

அடுத்தது நாற்காலி. நீல நாற்காலியை அந்தப் பெண் தூக்கிச் சுவரோடு ஒட்டிப்போட்டார், வழுக்கிவிடாமல் இருக்க. கையை ஊன்றாமல் எழுந்து நிற்க வேண்டும், உட்கார வேண்டும், மறுபடி எழ வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை என்று எண்ணுவது உலகெங்கும் வழக்கத்தில் உள்ள ஒரு சோதனை. சோதனையே பயிற்சியும் ஆகிறது. எழும்போது ஊத வேண்டும்; எதில் சிரமமோ அதில் மூச்சை வெளியே விட வேண்டும் என்பது விதி. முதல் நாள் அத்தை ஆறு முறை எழுந்தார். ஏழாவதற்கு முன்னால் மருமகள் ஓடிவந்து, “போதும் அத்த, உக்காருங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. மூச்சு வாங்குகிற ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது லேசான காரியம் அல்ல.

இந்த இடம்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது. மூச்சு வாங்கினால் ஆபத்து என்று நோயாளியும் குடும்பமும் நம்புகிறார்கள். பயிற்சியில் மூச்சு வாங்கத்தான் வேண்டும். வாங்காவிட்டால் அது பயிற்சியே இல்லை. எவ்வளவு வாங்கலாம் என்பதுதான் கேள்வி. ஸ்வீடன் உளவியலாளர் குன்னர் போர்க் இதற்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் அளவுகோல் வகுத்தார். மூன்று, நான்கு என்ற அளவில் பயிற்சி நடந்தால் நல்லது என்பார்கள். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் அத்தைக்குச் சொல்ல வரவில்லை. “அரப்படி வாங்குது” என்றார். அந்தப் பெண் சட்டென்று பிடித்துக்கொண்டார். “அப்ப அரப்படி வரைக்கும் போலாம். முக்காப்படி ஆனா நின்னுடணும்.” போர்க்கின் அளவுகோலைப் படிக்கணக்கில் மாற்றிய பெருமை அந்த நடைக்கே உரியது. வேறு சோதனையும் உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

மற்றவை எல்லாம் வீட்டுச் சாமான்களோடு முடிந்தன. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு, கைக்கு அரைக் கிலோ எடை. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் இந்த நோயாளிகளுக்குத் திணறல் கூடும். கழுத்திலும் தோளிலும் உள்ள தசைகள் மூச்சுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும். கையைத் தூக்கியதும் அவற்றுக்கு இரட்டை வேலை. தலை வாருவதும் கொடியில் துணி போடுவதும் இவர்களுக்கு மலையாகத் தெரிவது அதனால்தான். ஆகவே கைக்கும் பழக்கம் வேண்டும். நடைக்குத் தெருவின் மின்கம்பங்கள். முதல் வாரம் ஒரு கம்பம் போய், அதில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஊதி ஆறிவிட்டுத் திரும்ப வேண்டும். இரண்டு நிமிட நடை, ஒரு நிமிட ஓய்வு என்று துண்டு துண்டாகச் சேர்த்தே இருபது நிமிடத்தை எட்டலாம். எட்டாவது வாரத்தில் அத்தை ஒரு நிமிடத்தில் பதின்மூன்று முறை எழுந்து உட்கார்ந்தார். பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொல்லைக்குப் போகும் வழியில் அவர் சுவரைத் தொடவில்லை.

எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்பது கட்டாயம். இதய நோய் கூடவே இருப்பவர்கள் இவர்களில் நிறைய. மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் பயிற்சிக்குக் கால் மணி நேரம் முன்பு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் கூடாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால், 88-க்குக் கீழே இறங்கியதும் நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், புதிதாகக் கால் வீக்கம், காய்ச்சல், சளியின் நிறம் மாறுவது இதில் எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி இல்லை, மருத்துவர்தான். இரவெல்லாம் கொசுவத்தி எரிந்த அறையில் காலையில் பயிற்சி செய்வதில் பொருளில்லை. ஒரு கொசுவத்தி விடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-ல் ஓர் ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. போகி அன்று தெருப் பக்கமே போகக் கூடாது.

இடையில் ஒன்று. மூச்சுப் பயிற்சி என்றதும் நம்மவர்களுக்கு நினைவு வருபவை இரண்டு. ஒன்று பிராணாயாமம். மெதுவாக மூச்சை நீட்டி விடும் வகைகளில் எனக்குச் சண்டை இல்லை. தொலைக்காட்சி பார்த்து, படபடவென்று வயிற்றை உதறும் வகையை இந்த நோயாளிகள் செய்வது, நிரம்பிய பஸ்ஸில் மேலும் ஆளை ஏற்றும் வேலை. இன்னொன்று, கொரோனா காலத்தில் வாங்கி இப்போதும் பல வீட்டு டிவிக்கு மேல் தூசி படிந்து நிற்கும் மூன்று பந்துக் கருவி. அது மூச்சை உள்ளே இழுக்கப் பழக்குவது, இவர்களுக்குச் சிக்கலோ வெளியே விடுவதில். அத்தை வீட்டில் பேரன் அதை வைத்து விளையாடுகிறான். இரண்டுமே காலுக்கு வேலை தருவதில்லை என்பதுதான் என் புகார்.

தற்செயலாகத் தண்ணீர் கேட்டு வந்த ஒருவரால் அத்தைக்குக் கிடைத்தது, மற்றவர்களுக்கு எப்படிக் கிடைக்கும்? தமிழ்நாட்டில் இதற்கு வழி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வாசல் வரை வருகிறார். இயன்முறை சிகிச்சையும் அந்தத் திட்டத்தின் ஓர் அங்கம். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதையும் அது பெற்றது. ஹாலந்தின் ஆய்வுக்குத் தேவைப்பட்டது என்ன? வீட்டுக்கு ஒரு வருகை, ஏழு விசாரிப்புகள். விசாரிக்க ஓர் ஆள் நம் தெருவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறார்.

நான் கேட்பது பெரிய கட்டடம் அல்ல. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள், காசநோய் குணமான பின்பும் வடுப்பட்ட நுரையீரலோடு திணறுகிறவர்கள், இவர்களின் பெயர்களைத் தனிப் பட்டியலாக எழுத வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், மருந்துகளுக்குக் கீழே, நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ வேண்டும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் ஒருமுறையாவது வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க வேண்டும், மருமகளும் மகனும் பக்கத்தில் இருக்கும்போது. பிறகு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், “இந்த வாரம் எத்தனை தடவை எழுந்தீங்க?” என்று கேட்டு நோட்டில் எழுதினால் போதும். அவர்கள் ஏற்கெனவே ஊக்கத்தொகைக்கு ஓடிக்கொண்டிருப்பவர்கள் என்பதும் தெரியும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மூச்சுத் திணறலுக்காக ஒருவர் ஒன்பது நாள் கட்டிலில் கிடந்தால் ஆகும் செலவை எந்தக் காப்பீடும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்கிறது. அந்தக் கட்டிலுக்கே போகாமல் தடுக்கும் நாற்காலிக்குக் கணக்கில் தலைப்பே இல்லை.

விசாரிப்பு ஏன் முக்கியம் என்பதை அத்தையே காட்டினார். போன ஐப்பசி மழையில் சளி பிடித்து இழுப்பு வந்தது. ஐந்து நாள் மாத்திரை, ஒரு வாரம் படுக்கை. அந்த இயன்முறை மருத்துவரும் மாற்றலாகிப் போயிருந்தார். கேட்க ஆளில்லை, அத்தையும் விட்டுவிட்டார். தை பிறந்து நான் போனபோது நீல நாற்காலி சுவரிலிருந்து நகர்ந்து மறுபடி நடைக்கு வந்திருந்தது. எழச் சொல்லி எண்ணினேன். எட்டு. ஹாலந்தின் ஆய்விலும் இதுவே: ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வீட்டில் செய்தவர்களும் மருத்துவமனையில் செய்தவர்களும் பெற்றதில் பெரும்பகுதியை இழந்திருந்தார்கள். பல் துலக்குவதைப் போல இதையும் நிறுத்தாமல் செய்ய வேண்டியிருக்கிறது, துலக்கினாயா என்று கேட்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. இப்போது அந்த வேலையை மருமகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். “உக்காருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தவள், காலையில் பால் காய்ச்சும்போது அடுப்படியிலிருந்தே “எத்தன ஆச்சு அத்த?” என்று குரல் கொடுக்கிறாள். பால் பொங்குவதற்குள் பத்து முடிய வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

போன வாரம் போன் செய்தேன். பேரன் எடுத்தான்.

“ஆயா இல்ல. பால் சொசைட்டிக்குப் போயிருக்குது.”

“தனியாவா? எப்படா போச்சு?”

“ரொம்ப நேரமாச்சு. வழியில நாலு கம்பம் இருக்குதுல்ல, நாலுலயும் நின்னு யாருகிட்டயாவது பேசிட்டுத்தான் வரும்.”